கோவை டு ஊட்டி, மைசூர் செல்ஃப் டிரைவ்: வாடகைக்கு மேல் என்னென்ன பிடிப்பார்கள்?

வெள்ளலூர்வாசி

வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோவையில் கார் எடுத்து, ஊட்டியில் ஒரு இரவு, மைசூரில் ஒரு இரவு தங்கிவிட்டு மூன்றாம் நாள் இரவுக்குள் கோவை திரும்ப வேண்டும். நான்கு பேர், இரண்டு பெரிய பெட்டி. மூன்று இடங்களில் விலை கேட்டிருக்கிறேன்.

ஒரு ஆப்பில் மூன்று நாளைக்கு 7,200 ரூபாய், மொத்தம் 360 கி.மீ., அதற்கு மேல் கி.மீ.க்கு 12. பீளமேடு பக்கம் ஒரு கடையில் நாளுக்கு 2,500, தினம் 300 கி.மீ. இலவசம், 10,000 டெபாசிட். மூன்றாவது, தெரிந்தவர் மூலம் வந்த ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான) வண்டி, நாளுக்கு 1,600. ஆனால் என் பைக்கையும் அதன் ஒரிஜினல் ஆர்.சி.யையும் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

வாடகை தவிர கடைசியில் எதற்கெல்லாம் பணம் கேட்பார்கள், எதை முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருப்புபோர்டு

விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நீங்களே ஓட்டுவதற்கு வாடகைக்குத் தரும் கார் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு இருக்க வேண்டும். மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் டாக்ஸி. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். 1989-ஆம் ஆண்டு ரென்ட் எ கேப் திட்டத்தின் கீழ்தான் செல்ஃப் டிரைவ் உரிமம் தருகிறார்கள். அதற்குக் குறைந்தது 50 வண்டி வேண்டும். சின்னக் கடைகள் பல இப்படி உரிமம் உள்ள நிறுவனத்தோடு சேர்ந்தே வண்டி ஓட்டுவதால், கடையில் பத்து வண்டிதான் நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டாம். வண்டியின் காகிதம் சரியாக இருந்தால் போதும்.

வண்டி நம்பரை முதல் நாளே கேட்டு வாங்கி எம்-பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். வண்டி வகை மோட்டார் கேப் என்று இருக்க வேண்டும். மோட்டார் கார் என்று மட்டும் இருந்தால் அது ஓன் போர்டு. அதே பக்கத்தில் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் என்று முடிகின்றன என்று தெரியும். நீங்கள் திரும்பி வரும் தேதி வரை மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். புகைச் சான்று காலாவதியான வண்டியை ஓட்டினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் போகலாம். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் இருப்பவர் நீங்கள், கடைக்காரர் அல்ல.

உங்கள் லைசன்ஸில் டிரான்ஸ்போர்ட் என்று தனிக் குறிப்பு தேவையா என்று சிலர் பயமுறுத்துவார்கள். தேவையில்லை. சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசன்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குக் குறைவான டிரான்ஸ்போர்ட் வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அவினாசிரோடு

ஓன் போர்டு வண்டி ஊரெல்லாம் வாடகைக்கு ஓடுதுங்க. செக்போஸ்ட்ல கேட்டா சொந்தக்காரர் வண்டின்னு சொன்னா விட்டுடுவாங்க. நாளுக்கு 900 ரூபா மிச்சம்னா மூணு நாளைக்கு 2,700. அதை ஏன் விடணும்?

பாலிசிபக்கம்

செக்போஸ்ட்டில் விட்டுவிடுவார்கள் என்பது நிஜமாகவே நடக்கலாம். ஆனால் செலவு செக்போஸ்ட்டில் வருவதில்லை, இடித்த பிறகுதான் வருகிறது.

தனியார் கார் பாலிசி ஒவ்வொன்றிலும் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடக் கூடாது என்று அதில் தெளிவாக அச்சாகியிருக்கும். வாடகைக்குப் போன வண்டி என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குத் தெரிந்தால் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. தெரிந்துகொள்வதும் பெரிய வேலை இல்லை: உரிமையாளர் யார், ஓட்டியவர் யார், இருவருக்கும் என்ன உறவு, ஜி-பேயில் பணம் போனதா என்று நாலு கேள்வி போதும். மூன்றாம் நபருக்குக் காயம், உயிரிழப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடியது என்பதைக் காப்பீட்டு நிறுவனம் தீர்ப்பாயத்தில் எதிர்வாதமாகவே வைக்கலாம். நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வருவது வழக்கம். உரிமையாளர் உங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவார். அதற்குத்தான் பைக்கையும் ஆர்.சி.யையும் முன்கூட்டியே கேட்கிறார்கள்.

போலீஸ் பக்கமும் சும்மா இல்லை. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், 207-ஆவது பிரிவில் வண்டியையே பிடித்து வைக்கலாம். கூடலூரில் வண்டி பிடிபட்டால் வயதான பெற்றோரோடு அங்கிருந்து வேறு வண்டி தேட வேண்டும். 2,700 ரூபாய்க்கு இந்த ஆபத்தை எடுக்கச் சொல்லி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு வண்டியின் சொந்தக்காரருக்கு மட்டும். வாடகைக்கு எடுத்து ஓட்டும் உங்களுக்கு அது கிடையாது, கருப்பு போர்டு வண்டியாக இருந்தாலும். உங்கள் பெயரில் தனி விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இல்லை என்றால் பயணத்துக்கு முன் எடுத்துவிடுங்கள்.

வெள்ளலூர்வாசி

ஓன் போர்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆப்பில் பணம் கட்டும் பக்கத்தில் "டேமேஜ் ப்ரொடெக்‌ஷன் 499" என்று ஏற்கெனவே டிக் ஆகி இருக்கிறது. அது போட்டால் சேதத்துக்குப் பணம் பிடிக்க மாட்டார்களா?

பாலிசிபக்கம்

அது இன்சூரன்ஸ் அல்ல. சேதம் வந்தால் உங்களிடம் இவ்வளவுக்கு மேல் கேட்க மாட்டோம் என்று வாடகை நிறுவனம் தரும் வாக்குறுதி, அவ்வளவுதான். எனவே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: உச்சவரம்பு எவ்வளவு, எந்தச் சேதத்துக்கு அந்த வரம்பு செல்லாது.

வரம்புக்கு வெளியே வழக்கமாகத் தள்ளிவைப்பவை: டயர், ரிம், வீல் கப், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கிளட்ச், சாவி தொலைந்தது, தவறான எரிபொருள், தண்ணீரில் ஓட்டி என்ஜின் போனது, உள்ளே சீட் கறை. மலைப்பாதையில் அடிபட வாய்ப்புள்ளது எதுவோ அதுவெல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. 499 கட்டுவதா வேண்டாமா என்பதை இந்தப் பட்டியலைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். குடித்துவிட்டு ஓட்டினாலோ, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலோ எந்தப் பாதுகாப்பும் செல்லாது. வழியில் தம்பியும் ஓட்டுவான் என்றால் அவன் லைசன்ஸையும் முன்பே ஏற்றிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கும்போது நம்மிடம் ஏன் கேட்கிறார்கள் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பம்பர் பிளாஸ்டிக். புது பம்பர் 6,000 ரூபாய் என்று வைத்தால் 3,000 ரூபாய் வாடகை நிறுவனத்தின் கையிலிருந்து போகும். பெயிண்ட் பொருள் செலவிலும் பாதி கழியும். வண்டிக்காரரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவுத் தொகை வேறு. கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் போடாததற்கான பிரீமியம் தள்ளுபடி) போய்விடும். அதனால் சின்னச் சேதத்துக்குப் பெரும்பாலும் கிளெய்ம் போடாமல் உங்கள் டெபாசிட்டிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். பம்பர் டு பம்பர் பாலிசி இருக்கும் வண்டியா என்று கேளுங்கள். தேய்மானக் கழிவு அதில் கிடையாது, பேசுவதற்கு உங்களுக்கு இடம் கிடைக்கும்.

பலர் கவனிக்காத வரி ஒன்று உண்டு: வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கும் வாடகை. ஒரு கதவு டிங்கரிங், பெயிண்டிங் முடிய இரண்டு மூன்று நாள். ஆனால் பத்து நாள் நின்றது என்று பில் வரலாம், அப்படி வந்தால் நாளுக்கு 2,500 வீதம் 25,000. எழுத்தில் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: அதிகபட்சம் எத்தனை நாள் கணக்கிடுவீர்கள், ஒர்க் ஷாப் ஜாப் கார்டில் வண்டி உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் காட்டுவீர்களா. ஜி.எஸ்.டி. எண்ணும் வண்டி எண்ணும் போட்ட பில் இல்லாமல் எஸ்டிமேட்டை வைத்துப் பணம் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷெட்டுஷெட்

கி.மீ. கணக்கை நான் போட்டுத் தர்றேன். கோவை டு ஊட்டி மேட்டுப்பாளையம், குன்னூர் வழி 86. ஊட்டிக்குள்ள தொட்டபெட்டா, ஏரி எல்லாம் சுத்தினா 40. ஊட்டி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட், மைசூர் சுமார் 155. பைக்காரா அந்த வழியிலேயே வந்துடும். மைசூர் லோக்கல் 40. திரும்பி வர சாம்ராஜ்நகர், திம்பம், சத்தி (சத்தியமங்கலம்) வழி சுமார் 210. வண்டி எடுக்க விட, சாப்பாட்டுக்கு ஒதுங்க ஒரு 30 வச்சுக்கங்க. மொத்தம் சுமார் 560.

ஆப்புல 360 தான் இலவசம். மிச்சம் 200, கி.மீ.க்கு 12 வீதம் 2,400. ஆக 7,200 சொன்னது 9,600 ஆயிடுச்சு, 499-ம் வரியும் தனி. பீளமேடு கடை 7,500-லயே நிக்குது. குறைவா தெரியற விலையில கி.மீ. கம்மியா இருக்கும், அதைத்தான் முதல்ல பார்க்கணும்.

அடுத்தது மணி. சிலர் 24 மணி நேரம்னு எண்ணுவாங்க, சிலர் காலண்டர் நாள். விடிகாலை கிளம்பறதுக்காக முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கே வண்டி எடுத்தீங்கன்னா, 72 மணி நேரம் மூணாம் நாள் ராத்திரி 9-க்கு முடிஞ்சுடும். காலண்டர் கணக்குன்னா அது நாலு நாள். காலையில 5 மணிக்கு வண்டி தருவாங்களான்னு கேட்டு அப்படியே எடுங்க. லேட்டானா மணிக்கு எவ்வளவு, எத்தனை நிமிஷம் சலுகைன்னும் கேளுங்க. அடுத்த கஸ்டமர் புக்கிங் இருந்தா நீட்டிக்க முடியாது, ஃபைனும் அதிகம்.

உங்க ரூட்ல லேட்டாக ரெண்டு இடம் இருக்கு. பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9 மணியில இருந்து காலை 6 வரை அடைச்சிருப்பாங்க. ஊட்டியில மதியச் சாப்பாடு முடிச்சு 3 மணிக்குள்ள கிளம்பிடணும். ரெண்டாவது திம்பம். 27 கொண்டை ஊசி வளைவு, லாரி ஒண்ணு திரும்ப முடியாம நின்னா வண்டி வரிசை நகராது. அங்கயும் ராத்திரி கட்டுப்பாடு உண்டு. மைசூர்ல இருந்து மதியம் 1 மணிக்குக் கிளம்பினா பகல் வெளிச்சத்துலயே பண்ணாரி இறங்கிடலாம்.

ஊட்டிக்கு இ-பாஸ் வேணும். ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து நடைமுறையில இருக்கு. வண்டி நம்பர் போட்டுத்தான் பாஸ் எடுக்க முடியும். சீசன்ல ஒரு நாளைக்கு இவ்வளவு வண்டின்னு வரம்பும் வைக்கிறாங்க, முன்னாடியே எடுத்து வச்சுடுங்க.

இரண்டாம்கியர்

வண்டி எடுக்கும் அரை மணி நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். பாதிப் பிடித்தம் இங்கேதான் தீர்மானமாகிறது.

கழுவி ஈரமாக நிற்கும் வண்டியில் கீறல் தெரியாது. தண்ணீர் கீறலை நிரப்பி மறைத்துவிடும். ஈரமாக இருந்தால் துணியால் துடைத்துத் தரச் சொல்லுங்கள், தூசியாக இருந்தாலும் அப்படியே. பேஸ்மென்டில் நின்றால் வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மொபைல் டார்ச்சைக் கதவுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஒடுக்கும் பழைய டிங்கரிங் வேலையும் அலை அலையாகத் தெரியும்.

வீடியோவை நம்பர் பிளேட்டில் தொடங்கி வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். வண்டியை ஒரு சுற்று முழுக்கச் சுற்றி வந்த பிறகு மறுபடி கீழ் மட்டத்தில் ஒரு சுற்று. முன் பம்பரின் அடி உதடு, நாலு ரிம்மின் விளிம்பு, கதவு ஓரம், ரெண்டு பக்கக் கண்ணாடியின் வெளி மூடி, கூரை, முன் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி. பம்பரின் அடி உதட்டை யாரும் எடுப்பதில்லை, திரும்பும்போது கடைக்காரர் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். என்ஜினுக்கு அடியில் மொபைலை நீட்டி ஆயில் சம்ப் பக்கம் ஒரு பத்து விநாடி எடுங்கள். எண்ணெய்க் கசிவு ஏற்கெனவே இருந்தால் பதிவாகிவிடும். முடித்ததும் அந்த இடத்திலேயே கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிட வேண்டும். உங்கள் போனில் மட்டும் இருக்கும் வீடியோவை எப்போது எடுத்தது என்று பிறகு வாதம் வரும், அவர்களுக்கே போய்ச் சேர்ந்ததில் நேரம் பதிவாகி இருக்கும்.

டயரில் பட்டன் (தரையில் உருளும் பகுதியின் பள்ள மேடு) அளவைவிட முக்கியம் சைட் வால், அதாவது டயரின் பக்கச் சுவர். வெட்டோ, கொழுக்கட்டை மாதிரி வீக்கமோ இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். நாலு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரோடு மலை ஏறாதீர்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி, வீல் ஸ்பேனர் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். சி.என்.ஜி. வண்டி தருகிறேன் என்றால் யோசியுங்கள். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், உங்கள் இரண்டு பெரிய பெட்டிக்கு இடம் இருக்காது.

இப்போது கிளட்ச். மலைக்குப் போன வண்டிக்கு வரும் பெரிய பில் இதுதான். கிளட்ச் பிளேட் பல ஆயிரம் கி.மீ. தேய்ந்து கடைசியில் யார் கையில் இருக்கும்போது போகிறதோ அவர் தலையில் முழுச் செலவும் விழும். அதனால் எடுக்கும்போதே சோதியுங்கள். சமதளத்தில் நிறுத்தி, எதிரே யாரும் இல்லை என்று பார்த்து, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு மூன்றாவது கியர் போட்டுக் கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் குலுங்கி அணைந்துவிடும். முழுதாக விட்ட பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு முறை மட்டும் செய்யுங்கள், திரும்பத் திரும்பச் செய்தால் நாமே தேய்த்துவிடுவோம். பெடல் கிட்டத்தட்ட முழுதும் மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றாலும் பிளேட் முடிவை நெருங்கிவிட்டது. வேறு வண்டி கேளுங்கள். இல்லை என்றால் "கிளட்ச் தேய்மானம் வாடிக்கையாளர் பொறுப்பல்ல" என்று ஹேண்டோவர் தாளில் எழுதி வாங்குங்கள்.

ஓட்டும்போது: பர்லியாறு தாண்டிக் குன்னூர் வரை வரிசை நின்று நின்று நகரும். ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைப் பிடித்துவைக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாறும் ஏ.எம்.டி. வண்டியிலும் உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவைத்தால் புகைந்துவிடும், கருகிய வாசனை வந்தால் ஓரம் கட்டி 20 நிமிடம் ஆற விடுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர், ஏ.எம்.டி. என்றால் மேனுவல் மோடில் 2. நியூட்ரலில் இறங்கவே கூடாது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

சாவி போட்டதும் எல்லா விளக்கும் எரிந்து, ஸ்டார்ட் செய்த பிறகு என்ஜின், ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் அணைகின்றனவா என்று பாருங்கள். அணையாத விளக்கு ஒன்று இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

அவினாசிரோடு

ஓன் போர்டு விஷயத்துல நான் சொன்னதை விட்டுடறேன், பாலிசிபக்கம் சொன்ன தீர்ப்பாயக் கணக்கு எனக்குத் தெரியாம இருந்தது. பெட்ரோல் பத்திக் கேக்கறேன். எடுத்த அளவே திருப்பித் தரணும்கறாங்க. மீட்டர்ல கட்டை கட்டையாத்தானே காட்டுது, ஒரு கட்டை குறைஞ்சா எவ்வளவு?

இரண்டாம்கியர்

ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் 37 லிட்டர். மீட்டரில் எட்டு கட்டை என்றால் சராசரி ஒன்றுக்கு நாலரை லிட்டருக்கு மேல். ஆனால் கட்டைகள் சமமாக இறங்காது, மேல் கட்டை நிறைய கி.மீ. தாங்கும், பாதிக்குக் கீழே வேகமாக விழும். அதனால் கட்டையோடு இன்னும் எத்தனை கி.மீ. ஓடும் என்று காட்டும் எண்ணையும் சேர்த்துப் படம் எடுங்கள். மலை இறங்கிய கையோடு அந்த எண் ஏறித் தெரியும், அதை நம்பிக் குறைவாகப் போட்டுவிடாதீர்கள். ஃபுல் டேங்க் எடுத்து, திரும்பும்போது கடைக்குப் பக்கத்துப் பங்க்கில் நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பிப் பில்லைக் காட்டுவது தகராறு இல்லாத முறை. குறைந்தால் லிட்டர் விலையோடு சேவைக் கட்டணம் என்று ஒன்றும் போடுவார்கள்.

வெள்ளலூர்வாசி

ஃபாஸ்டேகும் டிராஃபிக் அபராதமும்? வண்டி விட்டு ஒரு மாதம் கழித்துக்கூட பணம் கேட்பார்கள் என்கிறார்களே.

கருப்புபோர்டு

ஃபாஸ்டேக் வண்டியின் பெயரில் இருப்பதால் டோல் கட்டணம் அவர்கள் கணக்கிலிருந்து போய் உங்களிடம் வசூலாகும். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேதி, நேரம், டோல் கேட் பெயரோடு ஸ்டேட்மென்ட் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் அதே டோலில் திரும்பினால் போகவர சேர்த்து ஒன்றரை மடங்குதான், இரண்டு முழுக் கட்டணம் போட்டிருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் தனியார் வண்டிகளுக்கு மட்டும், கருப்பு போர்டுக்குக் கிடையாது. அதைக் காட்டி டோல் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எடுக்கும்போதே டேகில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். பேலன்ஸ் இல்லாமல் பிளாக்லிஸ்ட் ஆனால் டோல் கேட்டில் கூடுதல் கட்டணம் விழும். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் 1.25 மடங்கு. அந்தக் கூடுதல் தொகை வண்டிக்காரர் பொறுப்பு என்று முன்பே பேசிவிடுங்கள்.

அபராதத்துக்கு வழி எளிது. வண்டி எடுக்கும் நாளும் விடும் நாளும் பரிவாகன் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேமரா சலான் சில நாள் கழித்தும் ஏறும், அதனால் பின்னால் கேட்பது எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது. சலான் நகல் கேளுங்கள், அதில் இடம், தேதி, நேரம், படம் இருக்கும். உங்கள் வாடகை நேரத்துக்குள் வந்தால் கட்டுங்கள். சீட் பெல்ட் போடாததற்கு 1,000 ரூபாய், இதில் வாடகை நிறுவனம் நிர்வாகச் செலவு என்று மேலே சேர்ப்பது ஒப்பந்தத்தில் இருந்தால்தான் செல்லும்.

கருப்பு போர்டு வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-இல் பூட்டியிருப்பது சகஜம். ஓவர்டேக் செய்யும்போது வண்டி 80-க்கு மேல் இழுக்காது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். பார்த்து அதிவேக அபராதம் போடும் நிறுவனங்களும் உண்டு, வரம்பு எத்தனை என்று கேட்டுவிடுங்கள். மாநில எல்லை தாண்டினால் அபராதம் என்று சிலர் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். மைசூர் போகிறோம் என்று புக்கிங்கிலேயே எழுதிக் கொடுத்து, கர்நாடகத்துக்குப் பர்மிட் இருக்கிறதா, அதன் செலவு யாருடையது என்று பதில் வாங்குங்கள்.

ஷெட்டுஷெட்

ஒரு மாற்று வழியும் சொல்லிடறேன். 560 கி.மீ. மலையும் சேர்த்து லிட்டருக்கு 14 குடுத்தா 40 லிட்டர், லிட்டர் 101 ரூபான்னு வச்சா 4,040. வாடகை 7,500. ஆக 11,540, டோல் தனி. டிரைவரோட போனா ஒரு நாளைக்குக் குறைஞ்சது 250 கி.மீ. கணக்கு. மூணு நாளைக்கு 750, கி.மீ.க்கு 14 வீதம் 10,500, பேட்டா நாளுக்கு 500 வீதம் 1,500. மொத்தம் 12,000, டீசல் அதுலயே அடக்கம். கர்நாடகா பர்மிட், டோல், ஹில்ஸ் சார்ஜ் இருந்தா தனி. வித்தியாசம் பெருசா இல்லை, ஒடுக்கு விழுந்தா உங்க பொறுப்பும் இல்லை. அப்பா அம்மாவோட போறீங்க, மலை ஓட்டிப் பழக்கம் கம்மின்னா இதை யோசிங்க.

இதுலயும் கேக்க வேண்டியது இருக்கு. கி.மீ. உங்க வீட்டுல இருந்தா, ஷெட் டு ஷெட்டா (வண்டி நிறுத்தற இடத்துல கிளம்பி அங்கயே திரும்பற வரைக்குமா)? ஷெட் தூரமா இருந்தா போகவர அந்த கி.மீ.யும் உங்க கணக்குல ஏறும். நாள் கணக்கு ராத்திரி 12 மணிக்கு மாறும். 12:20-க்கு இறங்கினா இன்னொரு நாள் மினிமம். மலையில ஏ.சி. போடுவாங்களாங்கறதையும் முன்னாடியே பேசிடுங்க. கிளம்பறப்ப டிரிப் ஷீட்ல ஓடோமீட்டர் எண்ணை எழுதி நீங்களும் கையெழுத்துப் போடுங்க.

நுகர்வோர்மேசை

டெபாசிட் பற்றி. ஒரிஜினல் லைசன்ஸ், ஒரிஜினல் ஆர்.சி., பாஸ்போர்ட், தொகை எழுதாத காசோலை இவற்றில் எதையும் கொடுக்கக் கூடாது. ஒரிஜினல் லைசன்ஸை அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் என்ன காட்டி ஓட்டுவீர்கள்? ஆதார் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். டெபாசிட்டை ரொக்கமாகத் தராமல் கடையின் கணக்குக்கு "டெபாசிட், திருப்பித் தர வேண்டியது" என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். எத்தனை வேலை நாளில் திரும்பும் என்று தேதி கேளுங்கள்.

ஆப்பில் 499 தானாக டிக் ஆகியிருப்பதைப் பற்றி: நுகர்வோர் கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும், கடைசிப் பக்கத்தில்தான் முழு விலையைக் காட்டுவதும் 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி தடை செய்யப்பட்டவை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு டிக்கை நீக்குங்கள்.

வண்டியை விடும்போது சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆள் இருந்தால் "சேதம் இல்லை, ஓடோமீட்டர் இவ்வளவு, எரிபொருள் இவ்வளவு" என்று தாளில் கையெழுத்து. ஆள் இல்லை என்றால் எடுத்தபோது எடுத்த அதே வரிசையில் வீடியோ, சாவி வைத்த இடம் வரை, அந்த நிமிடமே வாட்ஸ்அப்.

அப்படியும் பிடித்தால் போனில் சண்டை போட வேண்டாம். எந்தப் பிரிவின் கீழ் எவ்வளவு, பில் எங்கே என்று மின்னஞ்சலில் கேட்டு ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வாடகை போன்ற 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் வரை காலம் உண்டு. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேட்பது இன்னும் வேகம்.

விபத்து நடந்தால் வரிசை மாறும். முதலில் காயம் பார்த்து 108, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. வண்டியை நகர்த்தும் முன் படம், உடனே வாடகை நிறுவனத்துக்குத் தகவல், பக்கத்துக் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு). எதிர்த்தரப்போடு நடுரோட்டில் பேசி முடித்துப் பணம் கொடுத்துவிட்டால் கிளெய்ம் கையை விட்டுப் போகலாம்.

வெள்ளலூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. பீளமேடு கடைக்கு இந்தச் செய்தியை அனுப்பப் போகிறேன், விட்டது இருந்தால் சொல்லுங்கள்:

"வண்டி எண், பர்மிட், இன்சூரன்ஸ் நகல் அனுப்பவும். கோவை, ஊட்டி, மைசூர், சத்தி வழி கோவை. கர்நாடகப் பர்மிட் செலவு யாருடையது? 900 கி.மீ. மூன்று நாளுக்கும் மொத்தமாகவா, தினம் 300 என்று தனித்தனியாகவா? 24 மணி நேரக் கணக்கா, காலண்டர் நாளா? தாமதக் கட்டணம் மணிக்கு எவ்வளவு? சேதத்துக்கு என் பொறுப்பு அதிகபட்சம் எவ்வளவு, எவை அதில் சேராது? ஒர்க் ஷாப் நாட்களுக்கு உச்சவரம்பு? கிளட்ச், டயர் தேய்மானம் யார் பொறுப்பு? டெபாசிட் எத்தனை நாளில்? சொன்ன வாடகையில் வரி அடக்கமா?"

ஷெட்டுஷெட்

நல்லா இருக்கு. தினம் 300-ன்னு தனித்தனியா எண்ணினாலும் உங்க ரூட்ல எந்த நாளும் 300 தாண்டாது, பயம் இல்லை. ஒண்ணு மட்டும் சேருங்க: "கடைசி நேரத்தில் வேறு வண்டி கொடுத்தால் முந்தின நாள் மாலை 6 மணிக்குள் எண்ணைச் சொல்லவும்." இ-பாஸ் பழைய நம்பர்ல இருந்தா மேட்டுப்பாளையம் தாண்டி செக்போஸ்ட்ல நிறுத்திப் புதுசா எடுக்கச் சொல்வாங்க. சீசன்ல அன்னிக்கு வரம்பு முடிஞ்சிருந்தா ஏற முடியாது.

கருப்புபோர்டு

அந்தப் புது எண்ணையும் எம்-பரிவாகனில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கருப்பு போர்டு புக் செய்தவருக்குக் காலையில் ஓன் போர்டு வண்டி வந்து நிற்பது சீசனில் நடக்கக்கூடியது. அப்படி வந்தால் எடுக்காதீர்கள், முழுப் பணத்தையும் திரும்பக் கேளுங்கள்.